முப்பத்தைந்து சிமிட்டல்

…இன்னும் சிமிட்டவில்லை, மூன்று தடவை கத்தியாகிவிட்டது, "நஜ்லா, போடு" என்று, இந்தப் படிக்கட்டில் தரைத்தளத்தில் ஒருவன் தும்மினால் நாலாவது மாடிக்காரன் அல்லாஹ் உனக்கு இரங்கட்டும் என்பான், என் குரலோ சிமெண்ட் லாரி ஓட்டி வளர்ந்த குரல், முப்பத்தோரு வருஷம் இன்ஜினுக்கு மேலே பேசிப் பேசித் தடித்துப்போன குரல், இது கேட்காமல் எப்படி இருக்கும்… வேண்டுமென்றே செய்கிறாள் என் மனைவி. பானைமேல் கை வைக்கிறேன் என்று கோபம். இருக்கட்டும். நான் பானைக்கு விரோதி இல்லை, அது என்ன தின்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். என் பெயரில் ஓடுகிற மீட்டரில் எது என்ன தின்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டாமா? மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் எண்ணத் தெரியும், எண்ணத் தெரிந்தவனை ஏமாற்றுவது கொஞ்சம் கஷ்டம். மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு இருக்கிறது, கரண்ட் போகும்போது சிமிட்டும், ஆயிரம் தடவை சிமிட்டினால் ஒரு யூனிட், அதை எழுதியே வைத்திருக்கிறான், படிக்கத் தெரியாதவனுக்கும் ஆயிரம் தெரியும். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வந்திருக்கிறேன், ஃபிரிட்ஜ், விளக்கு, ஹீட்டர் எல்லாம், பானை மட்டும் தனியாக ஓட வேண்டும், நான் கீழே நின்று எண்ண வேண்டும், அவள் மேலே பொத்தானை அழுத்த வேண்டும். எளிய வேலை. அழுத்த மாட்டேன் என்கிறாள்.

பானை என்றால் காபிப் பானை, கரண்டில் ஓடுவது, என் மகன் ஹைஸம் சிட்னியிலிருந்து ஊருக்கு வந்த ஒருவன் கையில் கொடுத்தனுப்பினான், நவம்பரில். தண்ணீர் ஊற்றி, தூள் போட்டு, ஒரு பொத்தான், காபி பொங்கி எழும்போது தானே நின்றுவிடும். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. தானே நிற்கிற பொருள் வேறென்ன தானே செய்யும் என்று யாருக்குத் தெரியும்… அது வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பிரேக்கர் விழுகிறது. எண்ணி வைத்திருக்கிறேன், பதினோரு தடவை. எங்கள் தெருவில் அரசாங்கக் கரண்ட் என்பது விருந்தாளி, வந்தால் வந்தது, மற்றபடி ஃபவ்வாஸின் ஜெனரேட்டர்தான், அவனிடம் ஐந்து ஆம்ப் வாங்கியிருக்கிறோம், ஐந்தைத் தாண்டினால் தரைத்தளத்துப் பெட்டியில் எங்கள் பிரேக்கர் விழும், வீடு செத்துப்போகும், நான் எழுபத்திரண்டு படி இறங்கி அதைத் தூக்கிவிட்டு எழுபத்திரண்டு படி ஏற வேண்டும், இந்த முழங்காலோடு. அதனால் நேற்றுச் சொன்னேன், நாளைக்கு அளக்கப் போகிறேன், அதிகம் தின்றால் பெட்டியில் போட்டு அக்காரில் என் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன், அவர்கள் சொந்தமாக ஜெனரேட்டர் வைத்து ராஜா மாதிரி இருக்கிறார்கள். அவள் துணி எடுத்து ஏற்கனவே சுத்தமாக இருந்த பானையைத் துடைத்தாள். காலையில் காபி எழும்வரை அதன் பிடியில் கை வைத்தபடியே நிற்பாள், வைக்கத் தேவையே இல்லை, அதுதான் தானே நிற்குமே. தெருவைக் கடக்கும்போது பிள்ளையின் மணிக்கட்டைப் பிடிப்பதுபோலப் பிடித்திருப்பாள். ஏன் என்று கேட்டால், கைக்குச் சூடா இருக்கு என்பாள். எனக்குத் தெரியாதா.

"நஜ்லா! போடு!"

இரண்டாவது மாடியில் ஒரு கதவு திறந்தது. அத்னானுடைய அம்மா, உம் அத்னானின் கதவுதான், அது திறக்காமல் இந்தக் கட்டடத்தில் எதுவும் நடந்ததில்லை. கைப்பிடிச் சுவருக்கு மேலாகத் தலையை நீட்டி, "அபு ஹைஸம், கபுருக்குழில இருக்கிறவங்களுக்கெல்லாம் கேட்டாச்சு, உங்க வீட்டுக்கு மட்டும் கேக்கல" என்றாள். "எதைப் போடச் சொல்றீங்க? குண்டா?"

"காபிப் பானையை. மீட்டர் பாக்குறேன்."

"ஒரு மனுஷிக்கு காபி போட இத்தனை கூச்சலா. இருங்க, நான் போய்ச் சொல்றேன், கதவு திறந்துதானே இருக்கு?" முனகிக்கொண்டே ஏறினாள், அவள் முழங்கால் என்னுடையதைவிட மோசம், இருந்தும் ஏறினாள், செய்தி கிடைக்குமென்றால் அவள் வானம்வரைக்கும் ஏறுவாள். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தெருவில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது… பிறகு சிவப்பு ஒருதரம் சிமிட்டியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு. லாரியில் மூட்டை ஏற்றும்போது எண்ணுவது மாதிரி விரல் மடக்கினேன், ஒரு நிமிடத்தில் பன்னிரண்டு, இரண்டாவது நிமிடம் பன்னிரண்டு, மூன்றாவதில் பதினொன்று வந்து நின்றுவிட்டது. முப்பத்தைந்து. அவ்வளவுதானா? இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தேன், மறைத்து வைத்து சிமிட்டினாலும் சிமிட்டும். இல்லை. காபி எழுந்துவிட்டது, பானை நின்றுவிட்டது, முப்பத்தைந்து.

அந்த நேரம் பார்த்து ஃபவ்வாஸ் வந்தான், கையெல்லாம் டீசல், காலையிலேயே சிகரெட். "என்ன ஹாஜி, என் மீட்டரைக் காவல் காக்குறீங்களா, ஓடிப்போயிடும்னா?"

"உன் மீட்டர் பொய் சொல்லுதான்னு பாக்குறேன்."

"சொல்லுதா?"

"இன்னிக்கு இல்ல" என்றேன். "பிரேக்கர்தான் கள்ளத்தனம் பண்ணுது. நான் அஞ்சுக்குக் காசு குடுக்குறேன், நீ நாலு வச்சிருக்கே."

அவன் சிரித்தான், கோபப்படவில்லை, காசு வாங்குகிறவனுக்குக் கோபம் வராது. பிரேக்கரில் பொறித்திருந்த எண்ணைக் காட்டினான், ஐந்துதான். ஐந்து ஆம்ப் என்றால் உங்கள் மீட்டர் விளக்கு நிமிடத்துக்குப் பதினெட்டு சிமிட்டலாம், ஹாஜி, பதினெட்டைத் தாண்டி ஓடவிட்டால் விழும் என்றான். நான் பானை பன்னிரண்டு என்றேன். ஃபிரிட்ஜ் ஒரு இரண்டு, விளக்கு ஒன்று என்று அவன் சேர்த்தான், பதினைந்து. "அப்ப ஏன் விழுது?" என்று கேட்டேன். "ஹீட்டர் போட்டிருப்பீங்க. ஒத்தைக் கம்பி ஹீட்டரே ஏழு இழுக்கும். பதினஞ்சும் ஏழும் எவ்வளவு?" என் பதிலுக்குக் காத்திருக்காமல் பெட்டியைச் சாத்தினான். "பேசாம பத்து ஆம்ப் எடுத்துக்குங்க. காபி போடும்போதெல்லாம் நீங்க கத்துறது என் பொண்டாட்டிக்கே மனப்பாடம்."

இருபத்திரண்டு. பதினைந்தும் ஏழும் இருபத்திரண்டு. ஏறத் தொடங்கினேன். ஏறும்போது கணக்குப் போடுவது நல்லது, முழங்கால் மறந்துபோகும். இந்த மாதம் யூனிட்டுக்கு முப்பத்தாறாயிரம் லீரா வாங்குகிறான், ஆயிரம் சிமிட்டல் முப்பத்தாறாயிரம், அப்படியென்றால் ஒரு சிமிட்டல் முப்பத்தாறு, முப்பத்தைந்து முப்பத்தாறு… பத்துப் பத்தாகப் போட்டேன், முந்நூற்றறுபது, எழுநூற்றிருபது, ஆயிரத்தெண்பது, மேலே ஐந்துக்கு நூற்றெண்பது, ஆயிரத்து இருநூற்றறுபது. ஆயிரத்து இருநூற்றறுபது லீராவுக்கு இன்றைக்கு என்ன கிடைக்கும், ஒரு மிட்டாய் கிடைக்காது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மாதம் அறுபது, எழுபத்தைந்தாயிரம், கொஞ்சம் கூட. ஒரு கட்டு ரொட்டி, மேலே சில்லறை. மாதத்துக்கு ஒரு கட்டு ரொட்டிக்காகவா நான் பானையை நாடு கடத்தப் பார்த்தேன்? அடுப்பில் வைத்தால் கேஸ் இதைவிடத் தின்னும். சரி, பானை குற்றவாளி இல்லை. எனக்கு ஒருவிதமாக ஏமாற்றமாக இருந்தது, குற்றவாளி என்று நினைத்தவன் நல்லவனாகப் போனால் அப்படித்தான் இருக்கும்… அப்படியென்றால் யார்? பிரேக்கர் விழுந்த பதினோரு தடவையும் ஹீட்டர் எரிந்திருக்கிறது. ஆனால் நான்தான் சொல்லிவிட்டுப் போடுகிறேனே.

எங்கள் வீட்டில் சட்டம் ஒன்றுதான். எதையாவது பெரியதாகப் போடுகிறவர் முதலில் கத்த வேண்டும். நான் சமையலறையிலிருந்து "பானை!" என்பேன், அவள் முன்னறையில் ஹீட்டரை அணைத்துவிட்டு "அணைச்சாச்சு" என்பாள். அவள் "இஸ்திரி!" என்றால் நான் அணைப்பேன். நாற்பத்துநாலு வருஷக் கல்யாணத்தில் இப்போது நாங்கள் பேசிக்கொள்வதில் பாதி இதுதான், இஸ்திரி, அணைச்சாச்சு, பானை, அணைச்சாச்சு, மற்றபடி பேச என்ன இருக்கிறது. அப்படியென்றால்… அணைக்காமலே அணைச்சாச்சு என்கிறாளா? சூட்டுக்கு ஆசைப்பட்டு? என்னை எழுபத்திரண்டு படி இறக்கி ஏற்றிவிட்டு, அங்கே கம்பளிக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாளா? முதல் மாடியில் நின்றேன். கோபம் மூச்சிரைப்பைவிட வேகமாக வந்தது. மற்றவர்கள் ஏமாற்றலாம், ஃபவ்வாஸ் ஏமாற்றலாம், அரசாங்கம் ஏமாற்றலாம், அதற்கெல்லாம் நான் தயார், வங்கி ஒன்று என் லாரியை விற்ற பணத்தையே விழுங்கிவிட்டு மன்னிக்கவும் என்றது, அதற்கும் நான் தூங்கினேன். நஜ்லா ஒரு ஹீட்டருக்காகப் பொய் சொன்னாள் என்றால் நான் எங்கே போய்த் தூங்குவது.

உம் அத்னான் தன் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள், உள்ளே போகாமல், இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு. நான் வருவதற்காக நிற்கிறாள். அவள் முகத்தில் வழக்கமான கிண்டல் இல்லை. "போட்டுட்டாங்களா?" என்றாள். போட்டாள் என்றேன். நான் கடந்து போகப் பார்த்தபோது குரலைத் தாழ்த்தி, அவளுக்கும் தாழ்ந்த குரல் ஒன்று இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது, "நான் வாசல்லயிருந்து கூப்பிட்டேன், அபு ஹைஸம். உள்ள வந்து கூப்பிட்டேன். பானைகிட்டதான் நின்னுக்கிட்டிருந்தாங்க, பொத்தான்மேல விரலை வச்சுக்கிட்டு, நீங்க சொல்றதுக்காக. தோளைத் தொட்டதும் அப்படியே தூக்கிவாரிப் போட்டுருச்சு பாவம்" என்றாள். "எவ்வளவு நாளா?"

"எது எவ்வளவு நாளா?"

உள்ளே போகத் திரும்பினாள். "ஒண்ணுமில்ல. போங்க, காபி ஆறிப்போகும்."

எவ்வளவு நாளா… மூன்றாவது மாடிப் படியில் உட்கார்ந்தேன், முழங்காலுக்காக, அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொத்தான்மேல் விரல் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கோபமில்லை. காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள், நான் நாலு தடவை கத்தினதில் ஒன்றுகூட… அக்டோபரில் அடுப்பில் காபி பொங்கி நெருப்பு அணைந்துபோனது, கேஸ் பாம்பு மாதிரிச் சீறிக்கொண்டிருந்தது, நான் கூடத்திலிருந்து ஓடி வந்தேன், இவள் எட்டு அடி தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு கொத்தமல்லிக் கட்டை அலசிக்கொண்டிருந்தாள். ஜலதோஷம், மூக்கடைப்பு, வாசனை தெரியவில்லை என்றாள். சரி, மூக்கு அடைத்திருந்தது, அந்தச் சீறல்? நான் அன்றைக்குக் கேட்கவில்லை. கத்தினேன். அன்று மாலையே ஹைஸமிடம் போனில் சொன்னேன், உன் அம்மா ஒருநாள் எங்களை வானத்துக்கு அனுப்பப் போகிறாள் என்று, அவள் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள், நான் ஏதோ நல்லது சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்திருக்கிறாள். அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் தானே நிற்கிற பானை வந்தது. அப்படியென்றால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது, கடலுக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருக்கிற பயலுக்கு… அவனிடம் வெறும் போனில் பேச மாட்டாள் இப்போது, முகம் தெரிய வேண்டும், படம் வேண்டும், இன்டர்நெட் காசு போகிறது என்று நான் சண்டை போட்டேன், என் புள்ள முகத்தை நான் பாக்கக் கூடாதா என்றாள். முகத்தையா, வாயையா? என்னிடமும் ஒரு வருஷமாக ஒரே நச்சரிப்பு, மீசையை வெட்டுங்க, மீசையை வெட்டுங்க, வாயை மூடிக்கிடக்கு என்று. கிழவனாகத் தெரிகிறேன் என்பதற்காகச் சொல்கிறாள் என்றிருந்தேன்.

ஆனால் அணைச்சாச்சு என்றாளே. அதுதான் இடிக்கிறது. கேட்காதவள் எப்படிப் பதில் சொல்வாள்? முன்னறையில் அவள் இரண்டு இடத்தில் உட்காருவாள், கதவைப் பார்த்த நாற்காலியில், இல்லையென்றால் பருப்புப் பொறுக்க வெளிச்சத்துக்காக ஜன்னலோரம், முதுகைக் காட்டிக்கொண்டு. கதவைப் பார்த்து உட்கார்ந்தால் நான் சமையலறைக்குப் போவது தெரியும், அந்த நேரத்துக்கு நான் எதற்குப் போவேன் என்பதும் தெரியும், அணைத்துவிட்டுச் சொல்வாள். ஜன்னலோரம் என்றால்… விழுந்த நாட்களில் அவள் எங்கே இருந்தாள்? யோசித்தேன். விழுந்த நாட்களில் அவள் அணைச்சாச்சு என்றாளா? அதையும் யோசித்தேன், நன்றாக யோசித்தேன், நாற்பத்துநாலு வருஷத்தைச் சல்லடை போட்டுச் சலித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்குத் தெரியவில்லை. நான் கத்துவேன், கத்தும்போதே பொத்தானை அழுத்திவிடுவேன். அவள் பதிலுக்காக ஒருநாளும் நின்றதில்லை. அவள் சொல்லியிருப்பாள் என்று என் காதே சொல்லிவிடும். அவள் வாய் திறக்காத நாளிலும் எனக்கு அணைச்சாச்சு என்று கேட்டிருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்னிடம்? அதைக் கேட்கும்போதே பதிலும் தெரிந்துவிட்டது, தெரியாமல் இருந்திருக்கலாம். அவள் அம்மாவுக்குக் காது மந்தம். எங்கள் கல்யாணமான புதிதில், ஈத் அன்று, வீடு முழுக்க ஆட்கள், நான் மாமியாரின் முன்னால் போய் உட்கார்ந்து சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்தேன், ஏதோ பெரிய சேதி சொல்வது மாதிரிக் கையையும் ஆட்டினேன், கிழவி ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள், அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுள் தரட்டும் என்றாள், அறையே உருண்டு சிரித்தது. நஜ்லா அப்போது தட்டில் இனிப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். சிரிக்கவில்லை. தட்டை ஒவ்வொருவரிடமாக நீட்டிக்கொண்டே வந்தாள், என்னைத் தாண்டி அடுத்தவருக்குப் போய்விட்டாள். இருபத்தேழு வயசு எனக்கு, ஒரு துண்டு இனிப்பு போச்சே என்றுதான் நினைத்தேன்.

எழுந்தேன். மிச்சம் பதினெட்டுப் படி.

கதவு திறந்தபடியே இருந்தது. சமையலறை மேஜைமேல் இரண்டு கோப்பை, என்னுடையதை அவள் சின்னத் தட்டால் மூடி வைத்திருந்தாள். கோட்டுப் போட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி, பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள், அடிப்பாகம் நனையாமல், கழுத்தை மட்டும், குழந்தைக்கு முகம் கழுவுவதுபோல. கதவு நிலையில் நின்று "நஜ்லா" என்றேன். சாதாரணமாக. பிறகு கொஞ்சம் உரக்க. உள்ளே ஜெனரேட்டர் சத்தம் கொஞ்சம்தான் வரும், குழாய் மெலிதாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் காதோரத்தில் நரைமுடி ஒன்று தலைத்துணிக்கு வெளியே வந்திருந்தது. மூன்றாவது தடவை கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, அது ஒருத்தியை ஒளிந்திருந்து பார்ப்பது மாதிரி இருந்தது. செருப்பைத் தரையில் அழுத்தித் தேய்த்தபடி சுற்றிப்போய் மேஜைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்தேன், அவள் கண்ணில் படும்படி.

"வந்துட்டீங்களா" என்றாள், கையைத் துடைத்துக்கொண்டு. முகத்தில் பயம் இருந்தது, என் பதிலைப் பற்றிய பயம். "எவ்வளவு?"

"மாசம் ஒரு கட்டு ரொட்டி" என்றேன்.

"மீசைக்குள்ள பேசாதீங்க மனுஷா."

மீசையை இரண்டு விரலால் ஒதுக்கினேன். "மாசத்துக்கு. ஒரு கட்டு ரொட்டி. அவ்வளவுதான் தின்னுது."

என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாக மூச்சை விட்டாள். "நான் அப்பவே சொன்னேன். ஒரு ரொட்டி தின்னுட்டுப் போகட்டும், நமக்கென்ன, வீட்டுல ரெண்டு பேர்தானே தின்னுறோம்" என்றாள். பிறகு, பார்க்காத மாதிரி, "அப்ப அக்காருக்குப் போகல" என்றாள். போகல என்று தலையாட்டினேன். பானையை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள், பிடி சுவர்ப்பக்கம் இருந்தது, நம் பக்கம் திருப்பி வைத்தாள்.

காபியைக் குடித்தேன். ஆறித்தான் போயிருந்தது. அவள் எல்லாவற்றையும் திரும்பப் போட்டாள், ஃபிரிட்ஜ் நடுங்கி எழுந்தது, முன்னறையில் ஹீட்டர் சிவந்தது, பருப்புத் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சூடாக இன்னொரு கோப்பை வேண்டும் போலிருந்தது. பானையில் தண்ணீர் ஊற்றினேன், தூள் போட்டேன், விரலைப் பொத்தான்மேல் வைத்தேன், வாயைத் திறந்தேன்… பத்து ஆம்ப் வாங்கிவிடலாம், ஃபவ்வாஸ் சொன்ன மாதிரி, எதையும் எப்போதும் போடலாம், யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம், பிறகு நாங்கள் என்ன பேசுவோம்? வாயை மூடினேன். சமையலறையிலிருந்து அவளுடைய ஜன்னலுக்குப் பதினான்கு காலடி. போய் அவளுக்கு முன்னால், வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்து பார்த்தாள். ஹீட்டரைக் காட்டினேன், சமையலறையைக் காட்டினேன்.

கை நீட்டி அணைத்தாள். என்னையே பார்த்தாள். "கூப்பிட்டா போதாதா, இதுக்காக நடந்து வரணுமா? தொண்டைக்கு என்ன?"

நான் வாழ்க்கையில் நிறையப் பேரை முகத்துக்கு நேரே திட்டியிருக்கிறேன், பொய் சொன்னதில்லை, பொய்க்கு ஞாபகசக்தி வேண்டும். தொண்டையைத் தொட்டேன். "போச்சு" என்றேன், காற்று மட்டும் வருகிற மாதிரி. "கீழயிருந்து கத்தினதுல. இனிமே கத்த முடியாது. வந்துதான் சொல்லணும்."

நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை, அவள் முகத்தை நான் படித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, எழுத்தே மாறிப்போயிருந்தது. பிறகு பருப்புத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள், என் மார்பில் கை வைத்து அவளுடைய நாற்காலியில் என்னை உட்காரவைத்தாள், "பேசாம இருங்க" என்றாள், சமையலறைக்குப் போய் நான் ஊற்றி வைத்திருந்ததைக் கொட்டிவிட்டு, தொண்டைக்கு நல்லதென்று சேஜ் இலை போட்டுத் தண்ணீர் வைத்தாள், பானையில்தான். காபிக்கென்று வந்த பானை, அது இலைத் தண்ணீருக்கு நிற்குமோ நிற்காதோ, எத்தனை சிமிட்டல் ஆகுமோ, கேட்க எனக்குக் குரல் இல்லையே. தேன் விட்டுக் கொண்டுவந்தாள். குடித்து முடிக்கும்வரை எதிரே நின்றாள். தொண்டைக்கு நன்றாகத்தான் இருந்தது… ஒரு மனிதனுக்கு எத்தனை நாள்வரை தொண்டை சரியில்லாமல் இருக்கலாம், அதை யாரிடம் போய்க் கேட்பது.